என்கூடத்தான் இருக்கான்

கம்பெனியில் என் வேலையே 'ஆகாது' என்று சொல்வதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு இரும்புப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் நான். பீஸைக் கையில் எடுப்பேன், அளவு பார்க்கிற கேஜில் நுழைத்துப் பார்ப்பேன், நுழையவில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் மேனேஜர் முறைத்தாலும் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்க மாட்டேன். என் காது கேட்கவே என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். அந்தச் சிடுமூஞ்சிக்கு ஒரே ஓர் ஆளிடம் மட்டும் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இருபது வருடம் வரவில்லை. கடைசியில் வந்தபோது அவனுக்கு ஒரு கால் போயிருந்தது. அது போனதில் எனக்கும் பங்கு இருந்தது.

அவன் எனக்கு எப்படிக் கிடைத்தான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இனி நான் சொல்வது எல்லாமே அவன்மேல் போடுகிற பழியாகிவிடும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவன் நான். மண்ணூர்பேட்டையில் ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். அவன் அதே கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினான். மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவன். வந்த நாலாவது மாதம் எனக்கு மஞ்சள் காமாலை. கூட இருந்தவர்கள் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து என் பாயை வாசலோரம் இழுத்துப் போட்டார்கள். நாலு நாளாக ஆளைக் காணோமே என்று தேடி வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

“இன்னா மாமே, மஞ்சா பூசிகினு படுத்துகினு கீற? எய்ந்திரு, நம்ம ஊட்டுக்குப் போலாம்.”

அவன் வீடு ஒரே அறை. அதில் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்தேன். அவன் அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார். உப்பில்லாத கஞ்சியை நான் துப்பத் துப்பத் திரும்ப ஊட்டினார். அவன் தன் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, கதவுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் காலை மடக்கிக்கொண்டு படுத்தான். ஊரில் என்னைப் பெற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கஞ்சியையும் கட்டிலையும் நான் மறக்கவில்லை. மறக்க அவன் விடவும் மாட்டான்.

முதல் பொய்யை அந்த அம்மாவிடம்தான் சொன்னேன். மகனிடம் கேட்டால் உண்மை வராது என்று தெரிந்து அவர் என் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்.

“தம்பி, அவன் உன்கூட கீறானாப்பா?”

“என்கூடத்தாம்மா இருக்கான். ஓவர்டைம்.”

அந்த நேரம் அவன் நாலு பேரோடு மகாபலிபுரம் போய்க்கொண்டிருப்பான். சிரிக்காத ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று அந்த அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. என் குரலிலும் அந்தக் கடுகடுப்பு இருக்கும் போல. இரண்டு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். அவன் அதற்காக என்னைத் தெய்வம் என்றான். எனக்கும், ஒளிப்பானேன், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. யாருமே இல்லாத ஊரில் ஒருத்தனுக்கு நான் தேவைப்பட்டேன்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்குக் குமணன்சாவடி. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். மேடையில் போட்டோவுக்கு நிற்கும்போதே என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவளிடம் சொன்னான்: “இவன்தான் என் உயிரு. நான் எங்க கீறேன்னு தெர்லன்னா இவனுக்குப் போன் போடு. கரெக்டா சொல்லுவான்.” அவள் என்னைப் பார்த்து, “சரிண்ணா” என்றாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்து போனேன்.

இரண்டாவது மாதமே போன் வந்தது.

“அண்ணா, அவரு உங்ககூட கீறாராண்ணா?”

“என்கூடத்தாம்மா இருக்கான்.”

அவன் ஒயின் ஷாப்புக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் இருந்தான். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் அங்கே போவான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எழுந்து வருவான். இந்தப் பொய்யில் ஒரு தொழில்நுட்பம் உண்டு. இருக்கான் என்று மட்டும் சொன்னால் பெண்கள் விட மாட்டார்கள். எங்கே, எதற்கு, எப்போது வருவான், மூன்றும் வேண்டும். சொல்லி முடித்த கையோடு அவனுக்குப் போன் போட்டு, “கேட்டா திருவேற்காட்டுல ஒரு ரிசப்ஷன், சாப்பாடு சுமார்னு சொல்லு” என்று பாடம் நடத்த வேண்டும். நடக்காத ரிசப்ஷனுக்கு நான் பாயசம்கூட வைத்திருக்கிறேன்.

அவன் மனைவியை அடிக்கிறவன் இல்லை, கத்துகிறவன் இல்லை. குடித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அதனால் அவன் நல்லவன் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன நினைத்தாள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

எனக்கும் கல்யாணமாகி, மகள் பிறந்து, பருத்திப்பட்டில் ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சினோம். அன்றைக்கு அவன் மனைவி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “போன மாசம் கல்யாணத்துக்குப் போன எடத்துல அவருக்கு ஃபுட் பாய்சன் ஆயி பெட்ல கெடந்தப்போ அண்ணன்தான் ரெண்டு நாளும் கூடவே இருந்தாராம். உங்களுக்குத்தான் கஷ்டம்” என்று நன்றி சொன்னாள். அந்த இரண்டு நாளும் நான் இதே ஃப்ளாட்டில் டைல்ஸ் ஆட்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது என் மனைவிக்குத் தெரியாதா? அப்போதைக்குத் தலையாட்டினாள். எல்லோரும் போன பிறகு பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பொண்ணு உங்கள வாய் நிறைய அண்ணாங்குது. உங்களுக்குக் கூச்சமா இல்லையாங்க? என் அண்ணன் இப்படிச் செஞ்சா நான் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

அன்றைக்கு எனக்கு உறைத்தது. அடுத்த வாரமே அவனை எஸ்டேட் பஸ் ஸ்டாப் டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். மூன்று நாள் மனப்பாடம் செய்த வசனத்தைச் சொன்னேன். “நீ குடி, எங்க வேணா போ. என் பேரை மட்டும் இழுக்காத. இனிமே உன் வீட்டுல கேட்டா எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்.”

அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

“மஞ்சக்காமாலைல நீ கெடந்தப்போ என் ஆத்தா கஞ்சி ஊத்துச்சே, அது மறந்துபோச்சா மாமே? ஃப்ளாட்டு வாங்கிட்ட, பெரிய மன்சன் ஆயிட்ட. போ.”

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கேன்டீனில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவன் டேபிளில் சிரிப்புச் சத்தம் கேட்டால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்காது. எல்லை போடப் போனவன் நான், தவித்ததும் நான்தான். நாலாவது வாரம் திங்கட்கிழமை அவன் மெஷின் பக்கம் போய் நின்று, “தப்பா பேசிட்டேன்டா” என்று நானே மன்னிப்புக் கேட்டேன். அவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். அந்தச் சனிக்கிழமை போன் வந்தது. என்கூடத்தாம்மா இருக்கான் என்றேன். இப்படியே வருடங்கள் ஓடின.

அவன் அம்மா காலமான பிறகு அவர்கள் மண்ணூர்பேட்டையை விட்டுப் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு புது லேஅவுட்டில் வாடகைக்குப் போனார்கள். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். நடுவில் முள்ளும் காலி மனையும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வீட்டில் ஸ்டூல்மேல் ஏறி ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தரை மணி இருக்கும். போன் அடித்தது. என் இரண்டு கையும் அழுக்கு. அவள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணா, கறி வாங்கினு வரேன்னு எட்டரைக்குப் போனாருண்ணா. இன்னும் வர்ல. போன் போட்டா ரிங்கே போமாட்டேங்குது. உங்ககூட கீறாரா?”

யோசித்துச் சொன்னேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். யோசிக்கவே இல்லை. கை இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தது, வாய் தன் வேலையைப் பார்த்தது.

“என்கூடத்தாம்மா இருக்கான். குமணன்சாவடியில பார்த்தேன். கம்பெனி ஆள் ஒருத்தர் வீட்டுக் கிரகப்பிரவேசம், நான்தான் இழுத்துட்டு வந்துட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்.”

“கறி வாங்கிட்டாராண்ணா?”

“வாங்கிட்டான். வண்டியில மாட்டியிருக்கான்.”

“அப்பாடா. தேடிகினு போலாம்னு என் தம்பி ஆட்டோ எட்துகினு வந்து நிக்கறான். அவன அனுப்பிர்றேன்.”

“அனுப்பிரும்மா. பாவம், சவாரிக்குப் போகட்டும்” என்றேன்.

மகள் போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். “நம்மகூட யாருப்பா இருக்காங்க?”

“நீ ஸ்டூலைப் பிடி” என்றேன்.

அவனுக்குப் போன் போட்டேன். போகவில்லை. ஒயின் ஷாப் திறக்கும் முன்னாலேயே போய் நிற்க ஆரம்பித்துவிட்டான் என்று எரிச்சல்தான் வந்தது. ஒரு மணிக்கு அவள் மறுபடி கூப்பிட்டாள். அவன் போனில் சார்ஜ் இல்லை என்றேன். மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். சாப்பிட்ட களைப்பில் தூங்குகிறான், எழுந்ததும் அனுப்பி வைக்கிறேன் என்றேன். “தூங்கட்டும்ணா, எய்ப்பாதீங்க” என்றாள்.

ஐந்து மணிக்கு அவன் கிடைத்தான். அவர்கள் லேஅவுட்டுக்குப் பின்பக்கம் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டி அப்படியே விட்டிருந்த பள்ளத்தில் கிடந்தான். மாட்டைத் தேடி வந்த ஒருவர் முனகலைக் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்பது ஒன்பதேகாலுக்கே விழுந்திருக்கிறான். நாய் குறுக்கே வந்ததாம். வண்டி இடது கால்மேல் கிடந்தது, போன் சேற்றுத் தண்ணீரில் போய்விட்டது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. கறிப் பையை நாய்கள் இழுத்துக்கொண்டு போயிருந்தன. அது அவன் தினமும் வருகிற குறுக்கு வழி. மச்சினன் ஆட்டோவை எடுத்திருந்தால் முதலில் அந்த வழியாகத்தான் போயிருப்பான். அன்றைக்கு அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. கறி வாங்கத்தான் போயிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொண்டுவந்திருந்தா காப்பாத்தப் பார்த்திருக்கலாம்” என்றார். டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்த வராந்தாவில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் நானும் அவளும் நின்றிருந்தோம். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் என்னைத் திட்டுவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று காத்திருந்தேன். பெஞ்சில் என்னிடமிருந்து இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சாப்ட்டுகினு கீறார்னு சொன்னீங்க. அப்பால தூங்கறார்னு சொன்னீங்க.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடவில்லை.

அவனிடம் நானே சொன்னேன். வார்டுக்கு மாற்றிய அன்றைக்கு அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அப்போ உன்னாலதான் மாமே.”

“ஆமாடா.”

“சரி, வுடு. இனிமே நீதான் என் காலு.”

அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அப்போது அவன் காலைத் தொட்டிருப்பேன், இருந்த காலை.

எனக்கு முதல் ஷிப்ட். இரண்டரைக்கு முடியும். தினமும் கம்பெனியிலிருந்து நேராகப் பூந்தமல்லிக்கு. குளிக்க வைப்பது, கட்டுப் பிரித்துக் கழுவுவது, பிடித்து நடக்க வைப்பது. ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். இரண்டு வருடம் போனேன். ஒரு நாளைக்கு இருபது தடவை போன் போடுவான். ரிமோட்டைக் காணோம், முதுகு அரிக்கிறது, சும்மா. எடுக்காவிட்டால், “காலு இருந்தா உன்ன ஏன் தொந்தரவு பண்ணப் போறேன்” என்று வாய்ஸ் மெசேஜ். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு வந்தால் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அளவெடுக்க ஆஸ்பத்திரியில் நாள் கொடுப்பார்கள். அந்த நாளில் அவனுக்கு ஜுரம் வரும், வயிறு வலிக்கும். கால் வந்துவிட்டால் நான் வர மாட்டேன் என்று அவனுக்குப் பயம். அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

மகளின் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தபோது நான் அவனுக்கு ஷேவ் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் அவள் தன் மார்க்கை எனக்குச் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். மனைவி முதல் வருடம் சண்டை போட்டாள். இரண்டாம் வருடம் நிறுத்திவிட்டாள். தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். கம்பெனியில் ஒரு லாட் சரக்கு முழுவதையும் பார்க்காமலே பாஸ் போட்டு, அது வாடிக்கையாளர் வரை போய்த் திரும்பி வந்து, எனக்கு மெமோ கொடுத்தார்கள். சிடுமூஞ்சிக்கு மெமோ என்று சின்னப் பையன்கள் சிரித்தார்கள். ஒரு சாயங்காலம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். வீட்டுக்கு அரைக் கிலோமீட்டர்தான். போக முடியவில்லை. வாக்கிங் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதேன். பள்ளத்தில் அவனைப் பார்த்த அந்த மாட்டுக்காரர் அன்றைக்கு அந்தப் பக்கம் வராமலே இருந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. என் மனதில்தான் வந்தது, வேறு யார் மனதிலும் இல்லை. அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் அவன் மறுபடி குடிக்க ஆரம்பித்தான். ஒற்றைக் காலோடு எப்படிப் போவான்? நான்தான் வண்டியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். “பிசியோதெரபின்னு சொல்லு மாமே. ஒரே ஒரு தபா. ஊட்டுல குந்திகினு பைத்தியம் புடிக்குது.” அவள் தையல் மெஷினிலிருந்து தலை நிமிர்ந்து எங்கே என்று கேட்டாள். பிசியோதெரபிம்மா என்றேன். கால் போன பிறகும் சொன்னேன். அந்த ஒரு தபா வாரம் இரண்டு தபா ஆயிற்று. என்னை எதால் அடிப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் கம்பெனி கேட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். தோளில் துணிப்பை. வியர்த்து வழிந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். டீ வேண்டாம் என்றாள். உட்காரவும் இல்லை.

“நான் சண்டைக்கு வர்ல. பிசியோன்னு கூட்டினு போறீங்க. வரப்போ வாட அடிக்குது. எனக்கு மூக்கு கீது.”

நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இப்போ இல்ல, அப்பவே தெரியும். கல்யாணமான புதுசுலயே தெரியும். நீங்க சொல்றீங்களேன்னு நம்புனேன். நம்புனா அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கலாமேன்னு நம்புனேன். வெள்ளிக்கியம காலுக்கு அளவெடுக்கக் கூப்ட்டுகீறாங்க. மூணு தபா ஏமாத்திட்டாரு. இனிமே கூப்புட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. நீங்க வந்தீங்கன்னா இந்தத் தபாவும் போவ மாட்டாரு. நீங்க வராதீங்க. எப்பவுமே வராதீங்க.”

“அவன் கால் போனதுக்கு நான்தானம்மா...”

“அத்த நீங்க வெச்சிகோங்க. அத்த எங்கூட்டுக்கு எட்துகினு வராதீங்க.”

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாக இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இரண்டு வருடம் உன் புருஷனைக் குளிப்பாட்டினேனே என்று ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டே வீட்டுக்குப் போனேன். புதன், வியாழன் இரண்டு நாளும் அவனிடம் போகவில்லை. அறுபத்து மூன்று மிஸ்டு கால். வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்தேன்.

“நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு மாமே. ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டுக் கெளம்பு. அப்டியே கடைப்பக்கம் போயிடலாம். வந்துடுவல்ல?”

வருகிறேன் என்றேன். போகக் கூடாது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் மச்சினனின் ஆட்டோ நின்றது. அவளும் கிளம்பத் தயாராக, ரிப்போர்ட்டுகள் வைத்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவன் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எவனுக்கும் மனசு இளகிவிடும்.

“தோ, என் காலு வந்துடுச்சு! மச்சான், நீ ஆட்டோவ எட்துகினு போ. இவன் கூட்டினு போவான்.”

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள்.

“எங்க கூட்டினு போறீங்க?”

வாயில் பதில் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பது வரை எல்லாம் வரிசையாக வந்து நின்றது. வாயைத் திறந்தால் தானாக வந்துவிடும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“கடைக்கும்மா. ஆஸ்பத்திரிக்கு இல்ல. ஆஸ்பத்திரின்னு பொய் சொல்லச் சொன்னான். நான் கூட்டிட்டுப் போகப் போறதில்ல. இனிமே இங்க வரவும் மாட்டேன்.”

அவன் முதலில் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

“என் ஆத்தா உனக்குக் கஞ்சி ஊத்துச்சேடா.”

“ஊத்துனாங்க.”

“என் காலு?”

“என்னாலதான் போச்சு. ரெண்டையும் நான் இல்லைன்னு சொல்லலடா. சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். ஆனா வர மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி வாசலில் செருப்பைத் தேடினேன். இடது செருப்புக் கிடைத்தது, வலது கிடைக்கவில்லை. ஆட்டோ சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைக் காலில் மாட்டும்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என்னைப் பிடிப்பதற்காக அவன் எழுந்திருக்கிறான். கால் இல்லை என்பதை மறந்து, ஊன்றுகோலை எடுக்காமல் எழுந்திருக்கிறான். விழுந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

நான் திரும்பினேன். என் உடம்பு இரண்டு வருடப் பழக்கத்தில் அவனைத் தூக்கக் குனியவே ஆரம்பித்துவிட்டது. அவள் வாசல்படியில் வந்து நின்று கதவை மறித்துக்கொண்டாள். அவன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

“நீங்க போங்க. என் தம்பி கீறான், நான் கீறேன். போங்க.”

அவள் தோளுக்கு மேலே பார்க்க முடியவில்லை. கீழே, அவள் புடவைக்கும் நிலைக்கும் இடையில் அவன் கை மட்டும் தெரிந்தது. தரையைத் துழாவிக்கொண்டிருந்தது.

“மாமே, தூக்குடா. வுட்டுட்டுப் போவாத மாமே. தூக்கிட்டுப் போடா.”

டீக்கடையில் அழுத அழுகை இல்லை அது. இத்தனை வருடத்தில் அவன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. போனேன். வண்டியை அந்தத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போய், அங்கே வைத்து ஸ்டார்ட் செய்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவன் எண்ணை பிளாக் செய்தேன். பிளாக் செய்துவிட்டு மனைவி மடியில் தலை வைத்துப் படுத்துக் குழந்தை மாதிரி அழுதேன். அவள் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். மனசு லேசாகிவிடும், விடுதலையாக இருக்கும் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியாது. எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. சோறு இறங்குகிறது, மகள் மறுபடி என்னிடம் சண்டை போட ஆரம்பித்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் விழ வைத்த ஒருத்தனைத் தரையில் விட்டுவிட்டு வந்தவன் நான். அதைத் தூக்கிக்கொண்டுதான் தினமும் ஷிப்டுக்குப் போகிறேன்.

அன்றைக்கு அவனை யார் தூக்கினார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனானா, கால் பொருத்தினார்களா, குடியை விட்டானா, ஒன்றும் எனக்குத் தெரியாது. கம்பெனியில் மண்ணூர்பேட்டை ஆட்கள் நாலு பேர் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்டால் மறுநாளே போய் அவன் வாசலில் நிற்பேன் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.